வாடிக்கையாளர் ஏட்டில் நமக்கென்று சில கட்டங்கள்

தென் மாவட்ட நகரம் ஒன்றில் உள்ள மொத்த மளிகைக் கடை அது. சாத்தூர் லைன், அருப்புக்கோட்டை லைன், திருச்சுழி லைன் என்று மூன்று பக்கமும் சரக்கு போகிறது. அங்கே முப்பது ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்து வந்த பெரியவர், கண் ஆபரேஷனுக்காக ஒன்றரை மாதம் விடுப்பில் போனார். பில் போடுவது, பேரேடு, சரக்கிருப்பு எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறி வெகுநாளாகிவிட்டது. யார் எவ்வளவு பாக்கி என்பதைப் பொத்தானை அழுத்தினால் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே முதலாளி பெரிதாகக் கவலைப்படவில்லை.

முதல் வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. பழைய புழுங்கல் மட்டுமே வாங்கும் ஓட்டலுக்குப் புது அரிசி பத்துச் சிப்பம் போய், சாதம் குழைந்துவிட்டது என்று அப்படியே திரும்பி வந்தது. வண்டி வாடகை இரண்டு தடவை. கிராமத்துக் கடை ஒன்றுக்கு வியாழக்கிழமை வசூலுக்குப் பையனை அனுப்பினார்கள். வாரச் சம்பளம் சனிக்கிழமை போடும் ஊர் அது. கடைக்காரர் கையில் பணம் புழங்குவது ஞாயிற்றுக்கிழமைதான். "திங்கட்கிழமை வந்தால் எண்ணி வைத்துவிடுவேன் என்று அண்ணாச்சிக்குத் தெரியாதா?" என்று அவர் முகம் வாடிவிட்டார்.

மூன்றாவதாக நேர்ந்ததுதான் பெரிய நஷ்டம். பழைய பாக்கிக்காரர் ஒருவரிடம் பெரியவர் தவறாமல் பாக்கிச் சீட்டில் கையெழுத்து வாங்கி வைப்பார். அதற்கான கெடு அந்த ஒன்றரை மாதத்துக்குள் வந்து, யாருக்கும் தெரியாமலேயே கடந்து போயிற்று. அதன் விளைவைப் பின்னால் சொல்கிறோம்.

பெரியவர் திரும்பி வந்ததும் முதலாளி கேட்டார்: "இதையெல்லாம் எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?" பெரியவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

நம்மில் பலருடைய கடைகளும் இப்படித்தான் நடக்கின்றன. தொகை பேரேட்டில் இருக்கிறது. ஆளைப் பற்றிய அறிவு யாரோ ஒருவரின் தலையில் இருக்கிறது. எழுதாத கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். எழுதாத பழக்கவழக்கத்துக்கும் அதே கதிதான். இந்த அறிவைக் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ உள்ள வாடிக்கையாளர் ஏட்டில் ஏற்றி வைப்பது எப்படி, எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்பதைப் பற்றி இக்கட்டுரையில் பார்ப்போம்.

மற்றவர் தைத்த சட்டை

வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருள், அதாவது சி.ஆர்.எம். என்று சொல்லப்படுவது, அடிப்படையில் ஒரு விலாசப் புத்தகம்தான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் பெயர், போன், முகவரி, மின்னஞ்சல் என்று கட்டங்கள் அச்சடித்தாற்போல் இருக்கும். ஒரு கட்டத்தில் ஒரு தகவல்.

இந்த வகை மென்பொருள்கள் அமெரிக்காவில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கும் விற்பனையாளர்களுக்காகப் பிறந்தவை. அங்கே 1987-ல் வந்த 'ஆக்ட்' இவற்றில் முன்னோடி. ஆகவே கட்டங்களும் அவர்கள் தொழிலுக்கு ஏற்றவையாக இருந்தன. இன்றும் 'அவுட்லுக்' தொடர்பு ஏட்டைத் திறந்தால் பதவி, துறை, மேலாளர் பெயர், உதவியாளர் பெயர் என்று கட்டங்கள் வரும். நம் பெட்டிக்கடை அண்ணாச்சிக்கு எந்தத் துறை, எந்த மேலாளர்? நமக்கு வேண்டியது அவர் எந்த லைனில் இருக்கிறார், என்றைக்குப் பணம் தருவார், எந்த ரகம் வாங்குவார் என்பவை. அதற்குத் தயாராகக் கட்டம் இருக்காது.

மற்றவர் அளவுக்குத் தைத்த சட்டையை நாம் போட்டால் இப்படித்தான் இருக்கும். இதற்காகவே நம் விருப்பப்படி புதுக் கட்டம் சேர்த்துக்கொள்ளும் வசதியை மென்பொருள்காரர்கள் வைத்திருக்கிறார்கள். 'கஸ்டம் ஃபீல்டு' என்பார்கள். நாம் தனிக்கட்டம் என்று சொல்வோம்.

எங்கே சேர்ப்பது?

1) செல்போனில் கூகுள் தொடர்பு ஏடு வைத்திருப்பவர்கள், ஒருவருடைய பக்கத்தைத் திருத்தும் இடத்தில் கூடுதல் விபரங்களை விரித்தால் தனிக்கட்டம் சேர்க்கும் வசதியைக் காணலாம். பெயரும் நாமே வைத்து, விபரத்தையும் நாமே எழுதலாம். செலவில்லாத வழி. ஆனால் இது வெறும் எழுத்துக் கட்டம். ஒவ்வொருவர் பக்கத்திலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும்.

2) சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் சி.ஆர்.எம். போன்ற மென்பொருள்களில், அமைப்புப் பகுதிக்குள் போய் ஒருமுறை கட்டத்தை உண்டாக்கினால் போதும். எல்லா வாடிக்கையாளர் பக்கத்திலும் அது தோன்றிவிடும். அந்தக் கட்டத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கவும் முடியும். "சாத்தூர் லைன், திங்கள் வசூல்" என்று கேட்டால் அந்தக் கடைகள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும்.

3) டேலியில் கணக்கு வைத்திருப்போருக்குக் கடன் வரம்பும் கடன் நாட்களும் லெட்ஜரிலேயே உண்டு. அந்த வசதியை இயக்கினால் போதும். அதில் இல்லாத கட்டம் வேண்டுமென்றால் டேலி விற்பனையாளரிடம் சொன்னால் தனியாக எழுதிச் சேர்த்துத் தருவார்.

4) இவை எதுவும் வேண்டாம் என்பவருக்கு எக்செல் தாள் இருக்கிறது. அதில் ஒவ்வொரு நீளப்பத்தியும் ஒரு தனிக்கட்டம்தான். இக்கட்டுரையில் சொல்லும் விதிகள் எல்லாம் அதற்கும் பொருந்தும்.

முதலில் கேள்வி, பிறகு கட்டம்

கட்டம் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. அதுதான் ஆபத்து. புது மென்பொருள் வாங்கிய உற்சாகத்தில் இருபது, முப்பது கட்டம் சேர்த்துவிடுகிறோம். மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், திருமண நாள், சொந்த ஊர், பிடித்த சினிமா என்று போகிறது. முதல் பத்துப் பேருக்கு நிரப்புவோம். பதினொன்றாவது ஆளிடம் சலித்துப் போவோம். பாதி நிரம்பிய கட்டத்தை யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாததைத் திறந்தும் பார்க்க மாட்டார்கள். கடைசியில் ஏடு இருக்கும், பயன் இருக்காது.

இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு வாரத்துக்குக் கல்லாப் பக்கத்தில் ஓர் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒருவர் மற்றவரைப் பார்த்து வாடிக்கையாளர் பற்றிக் கேட்கும் கேள்விகளை எல்லாம் அதில் குறியுங்கள். "முதலாளி, இவருக்குப் பழைய அரிசிதானே?", "இவருக்கு எத்தனை நாள் கடன்?", "இந்தக் கடைக்குக் காலையில் போகலாமா, மாலையிலா?" இப்படி வரும். வார முடிவில் எந்தக் கேள்வி மூன்று தடவைக்கு மேல் வந்திருக்கிறதோ, அதற்கு மட்டும் ஒரு கட்டம் போடுங்கள். கட்டத்தைப் பார்த்தவுடன் கை ஒரு வேலையைச் செய்ய வேண்டும்: சரக்கு ரகத்தை எடுத்து வைக்க வேண்டும், வண்டியை அனுப்ப வேண்டும், கடனை நிறுத்த வேண்டும். எந்த வேலைக்கும் உதவாத விபரத்துக்குக் கட்டம் வேண்டாம்.

மொத்த வியாபாரிக்குப் பெரும்பாலும் தேவைப்படுபவை:

1) லைன்
2) வசூல் நாள்
3) கடன் நாட்கள்
4) வழக்கமான ரகம் (பழைய புழுங்கல், புதுப் பச்சரிசி என்பது போல)
5) பாக்கிச் சீட்டில் கடைசியாகக் கையெழுத்து வாங்கிய தேதி
6) ஜி.எஸ்.டி. எண்

சில்லறை மளிகைக் கடைக்காரருக்கு இதில் பாதி போதும். மாதச் சாமான் வாங்கும் தேதி, வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டுமா, மாதக் கடனா ரொக்கமா, பண்டிகைக் காலத்தில் கூடுதலாக வாங்குவது என்ன என்பவை. கார்த்திகையில் மாலை போடும் வீடு, ரமலான் நோன்பு இருக்கும் வீடு, மார்கழியில் தினம் பொங்கல் வைக்கும் வீடு எது என்று கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் கல்லாவில் உட்காரும் மகனுக்குத் தெரியாது. இந்த அறிவு நம்மிடம் இருப்பதால்தான் பெரிய கடைகளும் பத்து நிமிடத்தில் கொண்டுவரும் செயலிகளும் வந்த பிறகும் நம் வாடிக்கை நம்மிடம் நிற்கிறது. அதை நினைவை மட்டும் நம்பி விட்டுவைக்கலாமா?

எந்த வகைக் கட்டம்?

புதுக் கட்டம் சேர்க்கும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: என்ன வகை? எழுத்தா, எண்ணா, தேதியா, பட்டியலா, ஆம்-இல்லையா? பெரும்பாலோர் யோசிக்காமல் 'எழுத்து' என்று போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பிழை.

லைன் என்ற கட்டத்தை எழுத்து வகையில் வைத்தோம் என்று கொள்வோம். முதலாளி "அருப்புக்கோட்டை" என்று எழுதுவார். கணக்கர் "அ.கோட்டை" என்று எழுதுவார். பையன் "கோட்டை லைன்" என்று எழுதுவான். நமக்கு மூன்றும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு மூன்றும் வேறு வேறு ஊர். "அருப்புக்கோட்டை கடைகளைக் காட்டு" என்றால் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். மீதிக் கடைகளுக்கு அன்று வண்டி போகாது.

ஆகவே பதில்கள் எண்ணி அடங்கக்கூடியவை என்றால் பட்டியல் வகையே சிறந்தது. லைன்களை நாமே முன்கூட்டி எழுதி வைத்துவிட்டால், நிரப்புபவர் தொட்டுத் தேர்ந்தெடுப்பார். புதிதாக எழுத இடமில்லை. வசூல் நாளுக்கும் அப்படியே: திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு. ஒருவர் இரண்டு மூன்று ரகம் வாங்குவார் என்றால் ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வகை இருக்கிறது. பட்டியலின் கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று வையுங்கள். அதில் ஆட்கள் சேர்ந்துகொண்டே போனால் பட்டியலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கடன் நாட்களுக்கு எண் வகை. அதில் 15 என்று மட்டும் எழுத வேண்டும். "15 நாள்", "அரை மாதம்" என்று எழுத மென்பொருளே விடாது. அப்போதுதான் பில் தேதியுடன் கூட்டிக் கெடுவைக் காட்ட அதனால் முடியும்.

தேதிக்குத் தேதி வகையேதான் வேண்டும். 05/04 என்று எழுத்தாக எழுதினால் நமக்கு ஏப்ரல் 5. அமெரிக்க முறையில் அமைத்த மென்பொருளுக்கு மே 4. ஒரு மாத வித்தியாசம் கடன் வசூலில் சாதாரணம் இல்லை. மென்பொருளின் தேதி முறை இந்திய முறையில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

இதில் தலைகீழாக ஒரு விஷயம் உண்டு. எண்களால் ஆனது என்பதற்காக எல்லாவற்றையும் எண் வகையில் வைக்கக் கூடாது. கூட்டவோ கழிக்கவோ வேண்டியதுதான் எண். போன் நம்பரை யாராவது கூட்டுவார்களா? போன், பின்கோடு, உணவுப் பாதுகாப்பு உரிம எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை எழுத்து வகையில்தான் இருக்க வேண்டும். எக்செல் வைத்திருப்போர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உரிம எண் 14 இலக்கம். அதை அப்படியே அடித்தால் எக்செல் அதைச் சுருக்கி, புள்ளியும் கூட்டல் குறியுமாகக் காட்டும். வங்கிக் கணக்கு எண் 15 இலக்கத்தைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட இலக்கங்கள் பூஜ்யமாகவே மாறிவிடும். எண்ணின் தொடக்கத்தில் உள்ள பூஜ்யமும் மறைந்துபோகும். முதலிலேயே அந்தப் பத்தியை எழுத்து வகையாக மாற்றி வைத்துவிட்டுப் பிறகு அடிக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. எண்ணும் எழுத்து வகைதான். 15 இடம் கொண்டது. முதல் இரண்டு இடம் மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் அவருடைய பான் எண். கட்டத்தின் நீளத்தை 15 என்று கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் செய்துவிடுங்கள். ஓர் எழுத்து கூடினால் மென்பொருளே ஏற்க மறுக்கும். எண் தவறினால் நாம் செலுத்திய வரி வாங்கியவர் கணக்கில் காட்டாது. அவர் வரவு எடுக்க முடியாது. அந்த மாதம் நம் பில்லுக்குப் பணம் தர யோசிப்பார்.

யாருடைய பக்கத்தில் எழுதுவது?

ஆளுக்கு ஒரு பக்கம், கடைக்கு ஒரு பக்கம், பில்லுக்கு ஒரு பக்கம் என்று மூன்றாகப் பிரித்து வைக்கும் மென்பொருள்கள் உண்டு. எந்தக் கட்டம் எந்தப் பக்கத்துக்குரியது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. எண் கடையினுடையது, அந்தக் கடையில் அண்ணன், தம்பி இருவர் போன் எண் நம்மிடம் இருந்தால் இருவர் பக்கத்திலும் அதை எழுதத் தேவையில்லை. லைனும் சரக்கு இறக்கும் இடமும் அந்தந்தக் கிளைக்குரியவை. ஒரே மாநிலத்தில் இரண்டு கிளைக்கு ஒரே ஜி.எஸ்.டி. எண் இருக்கலாம், வண்டி போகும் இடம் வேறு. லாரி வாடகை, சரக்கு சேதம் போன்றவை அந்தந்த பில்லுக்குரியவை.

பேரேடு தானே கணக்கிட்டுத் தரும் எதற்கும் கட்டம் போட வேண்டாம். "பாக்கித் தொகை" என்று ஒரு கட்டம் வைத்துக் கையால் எழுதினால், நாளைக்கே அது பொய்யாகிவிடும். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் என்றைக்காவது இரண்டும் வேறு வேறு சொல்லும். அப்போது வாடிக்கையாளர் முன்னால் நமக்குத்தான் தலைகுனிவு.

ஒரு தேதிக் கட்டத்தின் விலை

இப்போது அந்த மூன்றாவது விஷயத்துக்கு வருவோம். சரக்கு விற்ற பாக்கிக்கு வழக்குத் தொடர 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி பொதுவாக 3 ஆண்டுகளே அவகாசம். கடன் நாள் பேசாமல் விற்றிருந்தால் சரக்கு கொடுத்த நாளிலிருந்தும், பேசி விற்றிருந்தால் அந்தக் கெடு முடிந்த நாளிலிருந்தும் கணக்கு. அந்த 3 ஆண்டு முடிவதற்குள், "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று பாக்கிதாரர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு தொடங்கும். கெடு முடிந்த பிறகு வாங்கும் ஒப்புதலால் அந்தக் கெடு நீளாது. இதற்காகத்தான் நம் முன்னோர் ஆண்டுதோறும் புதுக்கணக்கு எழுதும்போது பாக்கிச் சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள்.

நாம் சொன்ன கடையில், கெடு முடிந்து பத்து நாள் கழித்துத்தான் பெரியவர் வேலைக்குத் திரும்பினார். பாக்கி வைத்திருந்த கடைக்காரர் நாணயமானவர். கேட்டிருந்தால் தயங்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் அடுத்த சில மாதத்தில் அவர் காலமாகிவிட்டார். "அப்பா ஒப்புக்கொண்டதாகச் சமீபத்தில் ஒன்றும் இல்லையே, கெடுவும் தாண்டிவிட்டதே" என்றார்கள் பிள்ளைகள். கோர்ட்டுக்குப் போக வழியில்லை. கணிசமான தொகை, கண்ணெதிரே போயிற்று.

"கடைசிக் கையெழுத்துத் தேதி" என்று ஒரு கட்டம், அதைத் தேதி வகையில் வைத்து, இரண்டரை ஆண்டு கடந்தவற்றை மாதம் ஒருமுறை பட்டியலிடும் பழக்கம் - இவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்தப் பட்டியல் யார் விடுப்பில் போனாலும் வரும். நடப்பு வரவு-செலவு உள்ள கணக்குகளில் கால வரம்பு எந்த நாளிலிருந்து என்பதில் நுணுக்கங்கள் உண்டு. பெரிய தொகை என்றால் வக்கீலைக் கலந்துகொள்ளவும்.

நாம் வாங்கும் இடத்திலும் இதுபோல ஒரு கட்டம் அவசியம். அரிசி ஆலை, எண்ணெய் ஆலை போன்றவை நுண் அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு பெற்றிருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும் அவர்களுக்குப் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். 2023-ம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் வந்த ஏற்பாட்டின்படி, இந்தக் கெடுவைத் தாண்டி நிதியாண்டு முடிவிலும் பாக்கி நின்றால், அந்தக் கொள்முதலை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். வெறும் வியாபாரம் மட்டும் செய்பவரிடம் வாங்கியதற்கு இது கிடையாது. ஆகவே சரக்கு தருபவர் பக்கத்தில் "உத்யம்: நுண் / சிறு / நடுத்தரம் / இல்லை" என்றும், "உற்பத்தியா, வியாபாரமா" என்றும் இரண்டு பட்டியல் கட்டங்கள் வைத்துக்கொண்டால், மார்ச் மாதத்தில் ஆடிட்டர் கேட்கும்போது ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்காது.

எதை எழுதக் கூடாது?

தனிக்கட்டத்தில் என்ன வேண்டுமானாலும் எழுத முடியும் என்பதால் என்ன வேண்டுமானாலும் எழுதிவிடக் கூடாது. "ஆள் சரியில்லை", "வீட்டில் சண்டை" என்றெல்லாம் கோபத்தில் எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். சாதி, நோய், குடும்பக் கஷ்டம் ஆகியவை நம் பில்லுக்குச் சம்பந்தமில்லாதவை. ஏட்டைக் கடைப் பையன் பார்ப்பான். வேலையை விட்டு வேறு கடைக்குப் போவான். சொல் வெளியே போனால் வாடிக்கையும் போகும்.

ஒரே ஒரு அளவுகோல் போதும்: வாடிக்கையாளர் நம் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தால் நாம் வெட்கப்படுவோமா? வெட்கப்படுவோம் என்றால் எழுதாதிருப்போம். "ஆள் சரியில்லை" என்பதற்குப் பதில் "கடன் நாட்கள்: 0" என்று எழுதினால் அதே வேலை நடக்கும், யாரையும் இழிவுபடுத்தவும் இல்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. தனிநபர் தரவுகளைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்போருக்கான சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் 2025 நவம்பரில் வெளியாயின. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெறுவது, தேவைக்கு மேல் வாங்காதிருப்பது, அவர் கேட்டால் காட்டுவது, தவறைத் திருத்துவது, வேண்டாம் என்றால் நீக்குவது ஆகியவையே அதன் சாரம். பண்டிகை வாழ்த்து அனுப்பப் போன் நம்பர் கேட்கும்போது அதைச் சொல்லிவிட்டே கேட்போம். ஆதார் எண்ணை எந்தக் கட்டத்திலும் எழுதி வைக்க வேண்டாம்.

காப்பாற்றுவது எப்படி?

கட்டத்தை நிரப்புவது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். பார்ப்பது எல்லோருடைய உரிமையாக இருக்கட்டும். வெற்றுக் கட்டங்களை ஒரே நாளில் நிரப்ப முயல வேண்டாம். வாடிக்கையாளர் பில்லுக்கு வரும்போது ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டால், மூன்று மாதத்தில் ஏடு தானாக நிறைந்துவிடும். புதுக்கணக்குப் போடும்போது ஒருமுறை எல்லாக் கட்டத்தையும் பாருங்கள். ஓர் ஆண்டில் யாரும் பயன்படுத்தாத கட்டத்தை எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும்; கட்டத்தை நீக்கினால் அதில் எழுதியிருந்ததும் சேர்ந்து போய்விடும்.

செல்போன் மாற்றும்போதும் மென்பொருள் மாற்றும்போதும் கூடுதல் எச்சரிக்கை தேவை. பெயரும் போன் நம்பரும் எல்லா மென்பொருளுக்கும் பொதுவானவை. அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுலபமாகப் போய்ச் சேரும். நம் தனிக்கட்டங்கள் நாமே உண்டாக்கியவை. புது இடத்தில் அவற்றுக்கு இணையான கட்டத்தை முதலில் உண்டாக்கி, எது எதில் போய் விழ வேண்டும் என்று காட்டிக் கொடுக்காவிட்டால் வழியிலேயே விடுபட்டுப் போகும். "எல்லாம் வந்துவிட்டது" என்று விற்பனையாளர் சொன்னாலும், பழைய ஏட்டில் பத்துப் பேரை எடுத்துப் புதியதுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழையதை அழிக்க வேண்டும். மாதம் ஒருமுறை முழு ஏட்டையும் எக்செல் கோப்பாக இறக்கித் தனியே சேமிப்பதும், முக்கியமான பட்டியலை அச்செடுத்துப் பெட்டியில் வைப்பதும் நல்லது.

மூன்று கட்டத்தில் தொடங்குவோம்

இவ்வளவையும் படித்துவிட்டு, பெரிய மென்பொருள் வாங்கினால்தான் முடியும் என்று யாரும் எண்ண வேண்டாம். உங்களுடைய இருபது முக்கிய வாடிக்கையாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வசூல் நாள், வழக்கமான ரகம், கடைசிக் கையெழுத்துத் தேதி என்ற மூன்றே கட்டம். ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். நீங்கள் ஒருநாள் கடைக்கு வராதபோதும் சரியான ரகம் சரியான நாளில் போய்ச் சேர்ந்தது என்றால், நான்காவது கட்டத்தைப் பற்றி யோசிக்கலாம்.

அந்தக் கடையில் இப்போது பெரியவர் தினமும் மாலை அரைமணி நேரம் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகச் சொல்கிறார். தம்பி தட்டச்சு செய்கிறான். முப்பது ஆண்டு அனுபவம் கட்டம் கட்டமாக ஏறிக்கொண்டிருக்கிறது. நம் கடையிலும் அப்படி ஒரு பெரியவர் இருப்பார். ஒருவேளை அது நாமாகவே இருக்கலாம். அவர் உட்கார்ந்து சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம்.